பழைய காரில் சாலை இரைச்சலைக் குறைத்தல்

காருக்குள் கேட்கும் சாலை இரைச்சல் டயர் தரையில் உருளும்போது பிறப்பது. மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வரை எஞ்சின் ஒலி அதை மூடிவிடும். அதற்கு மேல் டயரின் கை ஓங்கும்; 100-ஐ நெருங்கும்போது காற்றின் சீறலும் சேர்ந்துகொள்ளும். சென்னையை அடுத்த ஆவடி வட்டாரத்துக் கார்களில் இந்தக் குறை ஊருக்குள் ஓட்டும்போது தெரிவதில்லை. பாடி, அம்பத்தூர், திருமுல்லைவாயல் வழியாக வரும் சி.டி.எச். (சென்னை–திருவள்ளூர்) சாலையில் நெரிசலே வேகத்தை அடக்கிவிடுகிறது. அதே கார் பட்டாபிராம் தாண்டி, நெமிலிச்சேரியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி 80-ஐத் தொட்டதும், பின் இருக்கையில் பேசுவது முன் இருக்கைக்கு எட்டாமல் போகும். வாடிக்கையாளர் பட்டறைக்கு வந்து “சவுண்ட் ப்ரூஃப் பண்ணிக் குடுங்க” என்று கேட்பது பெரும்பாலும் அப்படியொரு பயணத்துக்குப் பிறகுதான்.

அந்தக் கோரிக்கையை அப்படியே ஏற்று, முதல் நாளே கதவைப் பிரித்து ஷீட் ஒட்ட உட்காருவது தவறான தொடக்கம். காரில் மென்மையாக இருக்க வேண்டிய பாகங்களில் பெரும்பாலானவை ரப்பர்: டயர், சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்ட், கதவு பீடிங், கண்ணாடிச் சேனல், ஒயர் நுழையும் துளையில் செருகிய குரோமெட். சென்னை வெயிலிலும் காற்றிலுள்ள ஓசோனிலும் பத்துப் பதினைந்து ஆண்டு கிடந்த ரப்பர் இறுகும், வெடிக்கும், சுருங்கும். புதிதில் இவ்வளவு இரையாத கார் இப்போது இரைகிறது என்றால், மாறியது தகடு அல்ல, ரப்பர். ஆகவே முதலில் டயரையும் புஷ்ஷையும் கவனித்து, அடுத்து ஓட்டைகளை அடைத்து, கடைசியில்தான் தகட்டில் கை வைக்க வேண்டும். வரிசை மாறினால் செலவு ஏறும்; பலன் காதுக்குத் தெரியாது.

புதிதிலேயே இரைந்த கார்களும் உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ எடைதான். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் உருவாகத் தொடங்கிய சான்ட்ரோவும் எடையையும் பெட்ரோலையும் மிச்சம் பிடிக்கும் நோக்கில் வடிவமைத்த வண்டியே. இவ்வகைச் சிறு கார்களின் உடல் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம். பின் சக்கரத்தின் மட்கார்ட் குழிவில் உள்ளே ஒரு மெல்லிய கார்பெட், வெளியே பெயின்ட், நடுவில் அந்தத் தகடு, வேறெதுவும் கிடையாது. அதனால் இவற்றில் ரப்பர் வேலை முடிந்த பிறகும் ஷீட்டுக்கு இடம் இருக்கும். ஆனால் எந்தச் சிறு காரையும் பெரிய செடான் ஆக்கிவிட முடியாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

ஒலி உள்ளே வர இரண்டு பாதைகள் உள்ளன. டயரின் அதிர்வு சக்கரம், சஸ்பென்ஷன், புஷ் வழியாக உடலில் ஏறி, தரைத் தகட்டையும் கூரையையும் ஆட்டி ஒலியாகிறது. இது தாழ்ந்த சுருதி. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே. காதில் ‘ம்ம்ம்’ என்ற உறுமலாகவும் உடம்பில் அதிர்வாகவும் தெரியும். மற்றது காற்று வழி. டயரின் பள்ளங்களில் அகப்படும் காற்று நசுங்கி வெளியேறுவதும், பள்ளங்களுக்கு இடைப்பட்ட ரப்பர் கட்டைகள் சாலையில் மோதுவதும் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ‘ஷ்ஷ்’ ஒலியை எழுப்புகின்றன. டயரும் சாலையும் சேருமிடத்தில் உள்ள ஆப்பு வடிவ இடைவெளி, நாதஸ்வரத்தின் அணசு போல் அந்த ஒலியைப் பெருக்கி வெளியே தள்ளுகிறது. உறுமலுக்கு மருந்து புஷ்ஷிலும் தகட்டின் அதிர்வைத் தணிப்பதிலும் இருக்கிறது. ‘ஷ்ஷ்’ ஒலிக்கு டயரிலும் பீடிங்கிலும். எது தொல்லை என்று தெரியாமல் தொடங்கும் வேலை இருட்டில் தேடுவதுதான்.

ஆகவே முதல் வேலை ஓட்டிப் பார்ப்பது. போக்குவரத்து குறைந்த நேரம், ஒரே சாலைத் துண்டு, ஒரே வேகம், ஏ.சி. பிளோயர் அணைத்து, கண்ணாடி ஏற்றி, டயர் காற்றைச் சரிபார்த்து ஓட்ட வேண்டும். செல்போனில் உள்ள டெசிபல் செயலி துல்லியமானது அல்ல. ஆனாலும் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால் ஒப்பிட உதவும். 80 கிலோமீட்டரில் சிறிய பழைய கார் எழுபது டெசிபலை ஒட்டி நிற்கும். அந்த வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சினை ஐடிலுக்கு விட்டால், அடங்கும் ஒலி எஞ்சினுடையது, மிஞ்சும் ஒலி சக்கரத்தினுடையது. சாவியை மட்டும் அணைக்கக் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் உதவியை இழந்துவிடும். சாலை மாறும்போது ஒலி மாறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மழமழப்பான தாரில் அடங்கி, கரடான ஜல்லித் தளத்தில் எகிறினால் டயரும் உடலும் காரணம். எந்தச் சாலையிலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறினால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

வீல் பேரிங் தேய்ந்த ஊளையை டயர் சத்தம் என்று எண்ணி நான்கு டயரையும் மாற்றியவர்கள் நிறையப் பேர். பிரித்தறிய எளிய வழி, 60 கிலோமீட்டரில் வண்டியை மெதுவாக இடமும் வலமும் வளைப்பது. வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடச் சக்கரங்களில் ஏறும். அப்போது ஊளை கூடினால் பழுது பெரும்பாலும் இடப்பக்கப் பேரிங்கில். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்தபடி மறு கையால் சக்கரத்தைச் சுற்றினால், தேய்ந்த பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். புதுப் பேரிங்கைப் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் உருளைகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து சில மாதங்களிலேயே மறுபடி ஊளையிடும்.

அடுத்தது டயர். இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனெனில் மாற்றத்தில் பெரும்பங்கு இங்கேதான் கிடைக்கிறது. பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் உற்பத்தித் தேதியைச் சொல்லும்: 3218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கும் காரில் டயரின் பள்ளம் பாதிக்கு மேல் இருக்கும், ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாது. பள்ளத்தின் அடியில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ‘பட்டன்’ (டயரின் கட்டைகள்) நன்றாக இருக்கிறது என்று உரிமையாளர் வாதாடுவார். அந்த டயர் இரைச்சலுக்கு மட்டுமல்ல, மழையில் பிரேக் பிடிப்பதற்கும் ஆகாது. ஆறு ஆண்டைக் கடந்த டயரில் ஒலி பற்றிய பேச்சே தேவையில்லை, முதலில் மாற்றத்தான் வேண்டும்.

வயது குறைந்த டயரும் இரையலாம். உள்ளங்கையை டயரின் மேல் சுற்றுவாக்கில் ஒருமுறை முன்னோக்கியும் ஒருமுறை பின்னோக்கியும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் பல் பல்லாகத் தட்டினால், ஒவ்வொரு கட்டையும் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று பொருள். முன்சக்கர இழுவைக் கார்களில் இது பின் டயர்களில்தான் அதிகம். அங்கே பாரம் குறைவு. ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டால் சக்கரம் சாலையில் நுண்ணிதாகத் துள்ளித் துள்ளி உருளும். இப்படிப் பல் விழுந்த டயரின் ஓசை பேரிங் ஊளையைப் போலவே இருக்கும். சந்தேகம் தீர, முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டலாம்: ஒலி டயரோடு நகர்ந்தால் டயர், நகராவிட்டால் பேரிங். செலவு ஏதுமில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பாகம் வாங்கச் சொல்லக் கூடாது. காரணம் டயர் என்று உறுதியானாலும், ஷாக் அப்சார்பரையும் அலைன்மென்டையும் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே பல்லைப் பெறும்.

புது டயர் தேர்வில் பிராண்டைவிட வகை முக்கியம். அகலமான டயர் அதிகம் இரையும். பெரிய கட்டைகள் கொண்ட மண் சாலை டயரும் அப்படியே. பழைய காருக்குப் பெரிய அலாய் வீலும் தாழ்ந்த பக்கச்சுவர் டயரும் போட்டுவிட்டு அமைதி கேட்பது பொருந்தாத ஆசை. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் அதுவே ஒரு ஸ்பிரிங்காக நின்று சாலையின் கரடைத் தாங்கும். நிறுவனம் கொடுத்த அளவே நல்லது. இந்தியாவில் டயரின் உருளல் ஒலி, ஈரச்சாலைப் பிடிப்பு, உருளல் தடை மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரம் இருக்கிறது. அதைக் கட்டாயமாக்கும் விதியை மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-இல் வெளியிட்டது. ஐரோப்பிய டயர் லேபிளில் டெசிபல் எண் அச்சிட்டிருக்கும். அது எஞ்சினை அணைத்து 80 கிலோமீட்டரில் உருளும் காரைப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வைத்த ஒலிவாங்கி அளந்தது. காருக்குள் உட்கார்ந்து கேட்பது அல்ல. தேர்வுக்கு ஒரு குறிப்பாகக் கொள்ளலாம், உறுதிமொழியாகக் கொள்ளக் கூடாது.

டயருக்குள் இருக்கும் காற்றும் ஒலிக்கும். 2005-இல் வந்த ஸ்விஃப்டின் 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொண்டால், உள்ளே காற்று வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.53 மீட்டர். வெதுவெதுப்பான காற்றில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் செல்லும். வகுத்தால் ஏறத்தாழ 230 ஹெர்ட்ஸ். பாலத்தின் இணைப்புப் பட்டையைத் தாண்டும்போது கேட்கும் ‘டொய்ங்’ என்ற ஒலி இதுதான். இதற்காக டயரின் உட்சுவரில் பஞ்சு ஒட்டிய டயர்கள் உயர்விலைக் கார்களுக்கு வருகின்றன. பழைய கார்களின் சிறிய அளவுகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை. நைட்ரஜன் நிரப்பினால் சத்தம் குறையும் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். நைட்ரஜனிலும் சாதாரணக் காற்றிலும் ஒலியின் வேகம் ஏறக்குறைய ஒன்றே, குறைவதற்கு வழியில்லை. கதவோரத் தூணில் ஒட்டிய அளவுக்கு மேல் ஐந்தாறு பி.எஸ்.ஐ. கூட்டி அடைக்கும் பழக்கத்தை விட்டாலே உறுமல் கொஞ்சம் தணியும்.

புஷ்களுக்கு வரும்போது, லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் பார், பின் அச்சு, ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட் ஆகிய நான்கும் முதன்மை. ஜாக்கியில் தூக்கி லீவரால் நெம்பினால் வெடித்த புஷ் வாயைப் பிளக்கும். இவற்றில் நிறுவனப் பாகமோ அதே மென்மையுள்ள ரப்பரோதான் பொருந்தும். நீடித்து உழைக்கும் என்று பாலியூரிதேன் புஷ் போட்டால் ஸ்டியரிங் இறுகும், கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் தரையில் பேசும். நின்றுபோன மாடல்களுக்குப் பாகம் கிடைக்காதபோது, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ரப்பர் வார்ப்புக் கூடங்களில் பழைய மாதிரியைக் கொடுத்து வார்த்துக்கொள்ளும் வழி உண்டு. ரப்பரின் கடினத்தன்மையைச் சொல்லித் தர வேண்டும். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், பூட்டு வாங்கலாம். ரப்பர் மட்டும் வாங்கக் கூடாது. அதுவும் இதே வயதுடையது.

இனி ஓட்டைகள். ஒலித் தடுப்புக் கணக்கில் ஒன்று நெஞ்சில் நிற்க வேண்டும்: ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற பகுதி எவ்வளவு கனமாக இருந்தாலும் அந்தச் சுவர் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. அதனால் விரல் நுழையும் ஒரு துளையை அடைப்பது ஒரு கிலோ ஷீட்டுக்குச் சமமாகிவிடுகிறது. கதவில் சோதிக்க, ஒரு தாள் கீற்றை பீடிங்கின் மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். தடையின்றி வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. இரவில் ஒருவர் உள்ளே டார்ச் அடிக்க, மற்றவர் வெளியே நின்று வெளிச்சக் கீற்றைத் தேடலாம். பீடிங் நசுங்கியிருந்தால் மாற்ற வேண்டும். அந்த மாடலுக்கே வார்த்தது கிடைக்காவிட்டால் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் பீடிங்கில் அதே குறுக்குவெட்டு உள்ளதைத் தேடலாம். பல சமயம் பீடிங் நன்றாகவே இருக்கும், கதவுதான் கீலில் தொங்கியிருக்கும். தூணில் உள்ள பூட்டுக் கொக்கியைத் தளர்த்தி ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் போதும்.

எஞ்சினுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் கிளட்ச் கேபிளும் ஒயர்க் கட்டும் நுழையும் இடங்களை விளக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்காகப் பேட்டரி ஒயர் இழுத்தவர் குரோமெட்டைக் கத்தியால் கீறிவிட்டு அப்படியே போயிருப்பார். ஆவடி வட்டாரத்துக்கு உரிய இன்னொரு குறையும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஆவடி, அம்பத்தூர், பட்டாபிராம் தெருக்களில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நீரை வடிக்கத் தரையில் உள்ள ரப்பர் மூடிகளைப் பிடுங்குவார்கள். அவசரத்தில் திரும்பப் போட மறந்துவிடுவார்கள். கார்பெட்டுக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணய அளவில் நான்கைந்து துளைகள் நேரே சாலையைப் பார்த்தபடி கிடக்கும். வெள்ளம் பார்த்த காரில் கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஃபெல்ட்டும் கட்டியாகி, ஒலியை உறிஞ்சும் குணத்தை இழந்திருக்கும். அதைக் காயவைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

இவ்வளவும் முடிந்து மறுபடி ஓட்டிப் பார்த்த பிறகு, குறை மிச்சமிருந்தால் ஷீட். இதில் மூன்று வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ஷீட் தகட்டின் அதிர்வை வெப்பமாக மாற்றித் தணிக்கும். காற்று வழி ஒலியை அவ்வளவாகத் தடுக்காது. கனமான வினைல் விரிப்பு எடையால் தடுக்கும். எடை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் கூடுதல் தடுப்பு என்பது விதி. அது தகட்டில் ஒட்டாமல், நடுவில் ஃபெல்ட்டோ மூடிய நுரையோ விட்டு மிதந்தால்தான் முழுப் பலன். மூன்றாவது, உள்ளே வந்த ஒலியை உறிஞ்சும் பஞ்சு அல்லது ஃபெல்ட். ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்ப்பதே ஏமாற்றத்துக்குக் காரணம்.

பியூட்டைல் ஷீட்டைத் தகடு முழுவதும் போர்த்தத் தேவையில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் ‘டங்’ என்று ஒலிக்கும் இடம் அதன் நடுப்பகுதி. அங்கே கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு பரப்பை மூடினாலே ‘தட்’ என்று அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது எடைதான். ஒட்டுமுன் எண்ணெய்ப் பசையும் தூசும் போகத் துடைத்து, ரோலரால் அலுமினியத்தின் புடைப்பு மட்டமாகும் வரை அழுத்த வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் இருந்தால் தணிப்பு இல்லை. விலை குறைவு என்று கூரைக்குப் போடும் தார் ஷீட்டை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு. நிறுத்திய காரின் தகடு சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். தார் இளகி, நாற்றம் கிளம்பி, கதவுக்குள் வழிந்து கண்ணாடி ஏறும் வழியை அடைக்கும். இதை ஒருபோதும் ஏற்கக் கூடாது. தெர்மாகோலும் சாதாரண சோபாப் பஞ்சும் தீப்பிடிக்கும் பொருள்கள். சைலன்சர் குழாய் கீழே ஓடும் நடுத் தரையில் அவற்றை வைப்பது ஆபத்து.

ஹேட்ச்பேக் வகையில் முதல் ஷீட் பின் சக்கரக் குழிவின் உட்புறத்துக்கும் ஸ்டெப்னி குழிக்கும் போக வேண்டும். டிக்கிக்கும் அறைக்கும் இடையே சுவர் இல்லாததால் பின் டயரின் ஒலி நேரே முன்னே வருகிறது. பலர் முன் கதவிலிருந்து தொடங்குவது ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கும் என்பதற்காக. சாலை இரைச்சலுக்கு அது நான்காம் இடம்தான். இரண்டாவது முன் பயணிகள் கால் வைக்கும் தரை, மூன்றாவது பின் தரை. கூரை மழைச் சத்தத்துக்கு உதவும். தரையைப் பிரிக்கும்போது சீட் பெல்ட் போல்ட்டுகளைக் குறித்த இறுக்கத்தில் திரும்பப் பூட்டுவதும், கார்பெட்டுக்கு அடியில் ஒயரும் கன்ட்ரோல் பெட்டியும் நசுங்காமல் பார்ப்பதும் ஒட்டுவதைவிடப் பெரிய பொறுப்பு. சிறு காரில் முழு வேலைக்கும் 15 முதல் 25 கிலோ வரை ஏறலாம். மாருதி 800-க்கு அது ஒரு பள்ளிச் சிறுவனைக் கூடவே ஏற்றிச் செல்வது, மைலேஜில் தெரியும்.

மட்கார்ட் குழிவின் வெளிப்புறத்தில் செய்யும் வேலைக்குச் செலவு குறைவு, பலன் அதிகம். கிளிப் உடைந்து தொங்கும் முன் லைனரைப் புது கிளிப்பால் பொருத்த வேண்டும். பின்புறம் லைனரே இல்லாத கார்களில், துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து, ரப்பர் கலந்த அண்டர்பாடி கோட்டிங்கை இரண்டு மூன்று பூச்சாக அடித்தால், ஜல்லி தெறிக்கும் ‘படபட’ சத்தமும் மழைநீர் சீறலும் வெகுவாகக் குறையும். துருவின் மேலேயே பூசினால் துரு உள்ளே தின்னும். பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் கம்பி, சைலன்சர் ஆகியவற்றை மூடிவிட்டே ஸ்ப்ரே செய்ய வேண்டும்.

அடைக்கவே கூடாத துளைகளும் உண்டு. கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால்கள் அவற்றில் முதலாவது. கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் அங்கேதான் வெளியேறுகிறது. பின் பம்பருக்குள், பக்கத் தகட்டில் ரப்பர் இதழ் வைத்த காற்றுப்போக்கி இருக்கும். இரைச்சல் வரும் வழி என்று கண்டதும் அதன்மேல் ஷீட் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தும்போது உள்காற்று வெளியேற வழியின்றி எதிர்க்கும், கண்ணாடியில் ஆவி படியும். இறுகிய இதழைப் புதிதாக மாற்றி, அதைச் சுற்றியுள்ள குழியில் கொஞ்சம் நீர் உறிஞ்சாத பஞ்சு வைப்பதே சரியான முறை.

வேலை முடிந்து அதே சாலையில் அதே போனை வைத்து அளந்தால் மூன்று நான்கு டெசிபல் இறக்கம் நல்ல பலன். எண் சிறிதாகத் தோன்றினாலும் 3 டெசிபல் என்றால் ஒலி ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். காதுக்குப் பாதி சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வரை இறங்க வேண்டும், அதைப் பழைய சிறு காரில் எதிர்பார்க்க முடியாது. சாலை இரைச்சல் தணிந்ததும் இதுவரை மூடிக் கிடந்த மற்ற ஒலிகள் கேட்கத் தொடங்கும்: டேஷ்போர்டின் கிறீச், சீட் ரெயிலின் கடகடப்பு, பிளோயரின் இரைச்சல். இவற்றைப் புதிய பழுது என்று வாடிக்கையாளர் திரும்பி வருவார். ஒப்படைக்கும்போதே சொல்லிவைத்து, ஃபெல்ட் நாடாவால் அவற்றையும் தீர்த்துக் கொடுப்பது இந்த வேலையின் ஒரு பகுதி.

இந்த வேலைக்கு உகந்த காலம் மாசி முதல் ஆனி வரை. தகடு காய்ந்திருக்கும், ஷீட் எளிதில் படியும். ஐப்பசி மழையில் ஈரத் தரையின் மேல் ஒட்டினால் ஷீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே நீர் சிறைப்பட்டுத் துருப்பிடிக்கும். முதல் மழைக்காலம் கழிந்ததும் கார்பெட்டின் ஓரத்தை ஒருமுறை தூக்கி ஈரம் பார்க்க வேண்டும், கதவு வடிகால்களில் மண் அடைத்திருந்தால் குத்திவிட வேண்டும். டயர்களை 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு, அப்போதே உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டால் பல் விழுவது தொடக்கத்திலேயே தெரியும்.